பேரனாய்டு, அயர்ன் மேன், வார் பிக்ஸ்: இவ்வளவு தூக்கி வைத்து ஆடுவது நியாயமா?

பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 22 அன்று இறந்துபோன சேதி வந்ததும், கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த மெட்டல் கிறுக்கர்கள் எல்லோருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஓடியது மூன்றே பாட்டுதான். பேரனாய்டு, அயர்ன் மேன், வார் பிக்ஸ். பிளாக் சாபத் ஆஸியை வைத்துப் போட்ட ஸ்டுடியோ ஆல்பம் மட்டும் ஒன்பது இருக்கிறது. ஆனால் ஊருக்கே தெரிந்த இந்த மூன்றும் ஒரே ஆல்பத்தில், 1970 செப்டம்பரில் வந்த 'பேரனாய்டு' இசைத்தட்டில் இருக்கின்றன, அதிலும் அந்தத் தட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. நடுவில் வரும் பிளானெட் கேரவன் என்ற மெதுவான பாட்டையும் சேர்த்தால் அந்தப் பக்கம் மொத்தம் 21 நிமிடம்தான் ஓடும். ஒரு பேண்டின் ஆயுசு முழுவதையும் அந்த 21 நிமிடத்துக்குள் அடைத்துவிட்டோம்.

இந்த மூன்றும் ஓவர்ரேட்டட் என்று சொல்ல ஒரு கட்சி எப்போதும் உண்டு. கொஞ்சம் உள்ளே போய்க் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள், ஏனென்றால் நாலு பேருக்குத் தெரிந்த பாட்டைப் பிடிக்கும் என்று சொன்னால் நமக்கு என்ன மரியாதை. எதிர்க்கட்சி, 'மக்கள் 50 வருடமாகக் கேட்கிறார்கள், அப்புறம் என்ன' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அந்தப் பாட்டு அந்த பேண்டுக்கு முகமாக நிற்கத் தகுதியானதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் சண்டையே நடக்கிறது. மூன்று பாட்டுக்கும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது என்பது என் கருத்து. ஒன்று சரியான அளவில் இருக்கிறது, ஒன்று கொஞ்சம் அதிகம், ஒன்றுக்கு இன்னும் கிடைக்க வேண்டியது பாக்கி.

முதலில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிடலாம், அது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு நன்றாகவே புரியும். நம்மூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிக்கொள்கிறோம், மில்களை வைத்து வந்த பெயர் அது. ஆனால் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போய் பவுண்டரியும் லேத்தும் பவர் பிரஸ்ஸும் ஓடும் சந்துகளில் நின்று பார்த்தால் அது மான்செஸ்டரைவிட பர்மிங்காமுக்குத்தான் பக்கம். அந்த பர்மிங்காமில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் வளர்ந்த நாலு பேர்தான் சாபத். கிடாருக்கு டோனி அயோமி, பேஸ் கிடாருக்கும் பெரும்பாலான பாடல் வரிகளுக்கும் கீசர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்ட், பாட ஆஸி. ஆஸி கார் ஹாரன் சோதிக்கிற வேலையும் பார்த்திருக்கிறார், ஆடு மாடு வெட்டும் கூடத்திலும் நின்றிருக்கிறார்.

அயோமி 17 வயதில் தகரம் வெட்டி வளைக்கிற தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலையில் இருந்தார். இசைதான் இனி என்று முடிவெடுத்து அந்த வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே மாட்டேன் என்றிருக்கிறார். அம்மாதான், எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தார். அன்றைக்கு பிரஸ் ஓட்டுகிற ஆள் வரவில்லை. இவரை உட்கார வைத்தார்கள். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைக்காரர், அதனால் கம்பியை அழுத்தும் கையே அதுதான்.

ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் ஆச்சரியமே படவில்லை. 'ஆள் வரலைன்னா பக்கத்து ஆளப் புடிச்சு பிரஸ்ல உக்கார வெக்கறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதானுங் தம்பி' என்றார். இங்கேயும் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்குகிற மாதிரி வைத்திருப்பார்கள், கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக. பீஸ் ரேட்டுக்கு ஓட்டுகிறவர் ஒரு பட்டனை ஏதாவது வைத்துக் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார், அப்படி ஓட்டினால்தான் கணக்கு ஏறும். விரல் குறைந்த கையோடு டீ கிளாஸ் பிடிக்கிறவர்களை பேக்கரி வாசலில் தினமும் பார்க்கிறோம்.

அயோமி என்ன செய்தார் என்பதுதான் மெட்டல் இசையின் ஆரம்பம். ஃபோர்மேன் கொண்டுவந்து கொடுத்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் இசைத்தட்டைக் கேட்டார், தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிப்போன பிறகும் உலகமே வியக்க வாசித்த மனிதர் அவர். அதைக் கேட்டுத் தெம்பு வந்து, பாத்திரம் கழுவுகிற திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். பட்டறைக்காரன் புத்தி. அந்தத் தொப்பி விரலுக்குக் கம்பி தட்டுப்படாது, அதனால் மெல்லிய கம்பி வேண்டும். அப்போது அப்படிக் கிடைக்காததால் பாஞ்சோ கம்பியை எடுத்துக் கட்டினார். சிக்கலான விரல் வைப்புகளைவிட ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு அவருக்குத் தோதாக இருந்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் பாட்டுகள் வாசிக்கச் சுலபமாக இருப்பதற்கும், அதனாலேயே ஊரெல்லாம் பரவியதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, பாட்டுக்கு வருவோம்.

பேரனாய்டு இடத்தை நிரப்பப் போட்ட பாட்டு. ஆல்பத்துக்கு நேரம் பத்தவில்லை, இன்னும் ஒரு மூன்று நிமிடம் வேண்டும் என்று தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் கேட்க, மற்றவர்கள் வெளியே சாப்பிடப் போன நேரத்தில் அயோமி அந்த ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் மெட்டை, சில நிமிடங்களில் போட்டார். கீசர் அவசரமாக வரிகளை எழுதினார், ஆஸி தாளைப் பார்த்துப் படித்தே பாடினார். இது லெட் செப்பெலின் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று கீசருக்கே உறுத்தலாக இருந்ததாம். பல்லவி என்று ஒன்று கிடையாது, தலைப்பில் இருக்கும் வார்த்தை பாட்டுக்குள் ஒரு இடத்திலும் வராது. 2 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும். இங்கிலாந்து சிங்கிள் பட்டியலில் 4-ஆம் இடம். அதுவரை ஆல்பத்தின் பெயர் வார் பிக்ஸ் என்றுதான் முடிவாகியிருந்தது, இந்த சிங்கிள் ஓடவும் இதன் பெயரையே கம்பெனி ஆல்பத்துக்கும் வைத்தது. அட்டைப்படத்தை மாற்ற நேரமில்லை. அதனால்தான் வாளும் கேடயமுமாக ஒரு ஆள் இருட்டில் பாய்ந்து வருகிற படத்துக்குக் கீழே சம்பந்தமே இல்லாமல் பேரனாய்டு என்று எழுதியிருக்கும். அது போர்ப் பன்றியின் படம், தலைப்பு மட்டும்தான் வேறு.

இதை ஓவர்ரேட்டட் என்பவர்கள் 'அஞ்சு நிமிஷத்துல போட்ட பாட்டுக்கு இவ்வளவு பேரா' என்பார்கள். எவ்வளவு நேரத்தில் போட்டார்கள் என்பதை வைத்துப் பாட்டை எடை போட முடியாது. மன அழுத்தத்தில் இருக்கிற ஒருவன், எதுவும் பிடிக்கவில்லை, யாருக்கும் என்னைப் புரியவில்லை என்று பேசிக்கொண்டே போகிறான், நிறுத்தி மூச்சு வாங்குவதற்குக்கூட இடமில்லாத வேகத்தில். 1970-ல் இந்த விஷயத்தைச் சோகமாக இழுத்துப் பாடாமல் இப்படி ஓட ஓடச் சொன்னதில்தான் இதன் பலம் இருக்கிறது. பல்லவி இல்லாததும் நல்லதாகப் போயிற்று, நின்று ஆறுதல் சொல்ல ஒரு இடம் இருந்தால் பாட்டு கெட்டுப்போயிருக்கும். நடுவில் வரும் கிடார் தனியை ஹெட்போனில் கேளுங்கள், ஒரு பக்கம் சுத்தமான கிடார், இன்னொரு பக்கம் அதே கிடாரை நசுக்கித் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஆக்கியிருப்பார்கள். இதற்குக் கிடைத்திருக்கும் பேர் சரியான பேர்தான். ஆனால் இதை வைத்து சாபத் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து மற்றதைக் கேட்கப் போனால் ஏமாந்துபோவோம், இவ்வளவு வேகமாகவும் சின்னதாகவும் அவர்கள் போட்டது ரொம்பக் குறைவு. இந்தப் பாட்டு தொலைக்காட்சியில் வந்து கச்சேரிக்குப் பள்ளிக்கூடப் பெண்கள் கத்திக்கொண்டு வர ஆரம்பித்ததும் பேண்டுக்கே சங்கடமாகி, இங்கிலாந்தில் அடுத்த சிங்கிள் போட 1972 வரை இழுத்தார்கள்.

அயர்ன் மேன்தான் எனக்குப் பிரச்சினை. ஆரம்பத்தில், கிடார் கழுத்தின் தலைப்பக்கம் கம்பி படிந்திருக்கும் நட்டு என்ற கட்டைக்குப் பின்னால் கம்பியை அழுத்தி இழுத்து அயோமி கொண்டுவரும் அந்த முனகல் அருமை. கதையும் நல்ல கதை. எதிர்காலத்துக்குப் போய் உலகம் அழிவதைப் பார்த்த ஒருவன், எச்சரிக்கத் திரும்பி வருகிற வழியில் காந்தப் புலத்தில் சிக்கி இரும்பாகிவிடுகிறான். பேச்சு வரவில்லை, யாரும் சட்டை செய்யவில்லை, கடைசியில் அவன் பார்த்த அழிவை அவனே செய்து முடிக்கிறான். ஆனால் பாட்டாகக் கேட்டால் ஆஸி பாடுவது கிடார் வாசிக்கும் அதே மெட்டை, அப்படியே, ஒட்டுக்கு ஒட்டு. முதல் தடவை கேட்கும்போது அது பாரமாக, இரும்பு நடக்கிற மாதிரி இருக்கும். பத்துத் தடவை கேட்டபின் பாட்டுக்குள் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது, நடுவில் வேகமெடுக்கும் பகுதியில் பில் வார்டும் கீசரும் போடும் சண்டையைத் தவிர.

அப்படியிருந்தும் உலகத்துக்கே இது தெரியக் காரணம், பாட்டுக்கு வெளியே நடந்தது. 2008-ல் மார்வெல் படம் வந்தது. சூப்பர்ஹீரோவுக்கும் பாட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, பெயர் மட்டும்தான் ஒன்று, ஆனால் படம் முடிந்து பெயர் ஓடும்போது இந்த ரிஃப் வந்தது. கோவையில் தியேட்டரில் உட்கார்ந்திருந்த பையன்கள் எத்தனை பேர் சாபத் என்ற பெயரையே அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, உள்ளே வர ஏதோ ஒரு கதவு வேண்டும். இன்னொரு காரணம், கிடார் கற்க ஆரம்பிப்பவர்களின் முதல் பாட்டு. பவர் கார்டு வடிவத்தில் விரலை வைத்துக்கொண்டு அதைக் கலைக்காமல் கிடார் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் அயர்ன் மேன் வந்துவிடும். கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கு ஒரு பேண்டைக் கூட்டி ஒரு வாரத்தில் மேடை ஏறணும் என்றால் வேறு எதை எடுப்பார்கள்? மேடையில் கேட்டவன் வீட்டுக்குப் போய் தேடுவான், வாசிப்பான், அடுத்த வருடம் அவனும் மேடையில் ஏறுவான். பாட்டு எவ்வளவு நல்லது என்பதைவிட எவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது என்பதுதான் இங்கே வேலை செய்கிறது.

வார் பிக்ஸ் அப்படிக் கைமாறுகிற பாட்டில்லை. கிட்டத்தட்ட எட்டு நிமிடம். கேசட் காலத்தில் பாட்டு எழுதிக் கொடுத்தால் காலி கேசட்டில் பதிந்து தரும் கடைகள் நம்மூரில் இருந்தது நினைவிருக்கும். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம்தான், அதில் எட்டு நிமிடத்தை ஒரே பாட்டுக்குக் கொடுக்க யாருக்கு மனசு வரும், அந்த இடத்தில் பேரனாய்டு மாதிரி இரண்டு மூன்று போட்டுவிடலாம். இப்படி நீளத்தாலேயே தோற்ற பாட்டு இது, அதையும் மீறித்தான் இந்தப் பேரை வாங்கியிருக்கிறது.

முதலில் இதற்கு வால்புர்கிஸ் என்று பெயர், வரிகளும் வேறு, சூனியம் பேய் என்று போகும். அப்புறம் கீசர் அதைப் போருக்குத் திருப்பினார். வியட்நாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். போரை ஆரம்பிக்கிற பெரிய மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சண்டைக்கு ஏழைகளை அனுப்புகிறார்கள் என்பதுதான் பாட்டு. முதல் இரண்டு வரியில் எதுகைக்கு ஒரே வார்த்தையையே திரும்பப் போட்டிருக்கிறார் என்று கிண்டல் செய்வார்கள், நியாயமான கிண்டல்தான். ஆனால் அந்த இடத்தில் இசை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். முதலில் மெதுவாக இழுக்கும் கிடார், மேலே விமானத் தாக்குதல் சங்கு ஊதுகிற சத்தம். பிறகு எல்லாம் நின்று, இரண்டு அடி கிடார், அப்புறம் வெறும் ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தட்டு) மட்டும் டிக் டிக் டிக். அந்த வெற்று இடத்தில் ஆஸி ஒரு வரி சொல்கிறார். மறுபடி இரண்டு அடி. மறுபடி டிக் டிக். பாட்டின் கனம் முழுக்க அந்த வாசிக்காமல் விட்ட இடத்தில் இருக்கிறது, 22 வயதைத் தாண்டாத பையன்கள் எதையும் வாசிக்காமல் சும்மா இருக்கத் தெரிந்துவைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம். கடைசியில் டேப்பின் வேகத்தைக் கூட்டிப் பாட்டைக் கீச்சென்று முடித்துவிட்டது ராட்ஜர் பெய்னின் வேலை. பர்மிங்காமில் சங்கு என்றால் அது கற்பனை கிடையாது, இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த ஊர், இவர்கள் போர் முடிந்து மூன்று நான்கு வருடத்தில் பிறந்தவர்கள். வார் பிக்ஸ் ஓவர்ரேட்டட் என்று ஒருவர் சொன்னால் அவர் அதைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்த மூன்றும் சாபத்துக்கு முகமாக நிற்கலாமா? இங்கேதான் எனக்கு உண்மையான குறை. 'ஹெவி' என்று நாம் சொல்கிற அந்தக் கனம் முழுதாக உருவானது 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். பேரனாய்டு ஆல்பம் வழக்கமான சுருதியில் வாசித்தது. அடுத்த ஆல்பத்தில் சில பாட்டுகளுக்கு அயோமி கம்பியைத் தளர்த்தி ஒன்றரை சுரம் கீழே இறக்கினார், விரலுக்கும் வலி குறைந்தது, சத்தமும் தரைக்குப் போனது. சில்ட்ரன் ஆஃப் த கிரேவ், லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட், இன்டு த வாய்ட் மூன்றையும் கேட்டுவிட்டு அயர்ன் மேனுக்கு வந்தால் அது எலும்பும் தோலுமாகக் கேட்கும். ஸ்லீப், கயஸ், எலக்ட்ரிக் விசார்ட் என்று பின்னால் வந்த டூம், ஸ்டோனர் என்ற மெதுவான, கனத்த மெட்டல் வகைப் பேண்டுகள் எல்லாம் குடித்த தண்ணீர் இந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். 1975-ல் வந்த சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ் பாட்டைக் கேட்டால் எட்டுப் பத்து வருடம் கழித்து வரப்போகிற திராஷ் என்ற அதிவேக மெட்டல் அங்கேயே நிற்கும்.

வாசிக்கிறவர்களுக்கு இது எப்போதுமே தெரியும். 1994-ல் 'நேட்டிவிட்டி இன் பிளாக்' என்று மற்ற பேண்டுகள் சாபத் பாட்டுகளை வாசித்த ஒரு தொகுப்பு வந்தது. அந்த மூன்றும் அதில் இருக்கின்றன, மெகாடெத் பேரனாய்டு வாசித்தார்கள். ஆனால் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியிலிருந்தும் மூன்று பாட்டு இருக்கிறது, செபல்டுரா எடுத்தது சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ். 2006-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சாபத்தைச் சேர்த்தபோது மெட்டாலிகா மேடையேறி வாசித்தது இரண்டு பாட்டு, ஒன்று அயர்ன் மேன், இன்னொன்று 1975-ன் ஹோல் இன் த ஸ்கை. ஒன்று சபைக்கு, ஒன்று தங்களுக்கு என்று வைத்துக்கொண்ட மாதிரித்தான் எனக்குப் படுகிறது.

முதல் ஆல்பத்தையும் விட்டுவிடக்கூடாது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது, ஒரே நாளில் பதிவு செய்தது. பேண்டின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாட்டில் மழையும் மணியோசையும் வந்தபின் மூன்றே சுரத்தில் ஒரு ரிஃப். ஷட்ஜமத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு இறங்கி நடுங்கும். மேற்கத்தியர்களுக்குப் பிசாசின் இடைவெளி அது. நம் கல்யாணியில் அதே பிரதி மத்யமம் கல்யாண வீட்டு மங்களமாக ஒலிக்கும் என்பதால் நம் காதுக்கு அந்த பயம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது, ஆனால் இந்த வேகத்தில், இந்தச் சத்தத்தில் கேட்டால் ஏறும். மெட்டல் பிறந்த இடம் எது என்று கேட்டால் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன், பேரனாய்டை அல்ல. அந்த நேரத்து அமெரிக்க விமர்சகர்கள் இந்த ஆல்பத்தைக் குப்பை என்று எழுதினார்கள், ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ் கிழித்துத் தொங்கப்போட்டார். அப்போது குறைத்து எடைபோட்டதற்குப் பின்னால் வந்தவர்கள் வட்டியும் முதலுமாகக் கொடுத்ததில்தான் சில பாட்டுகளுக்கு அதிகமாகப் போய்விட்டது என்றும் சொல்லலாம்.

இன்னொரு பக்கம், பேண்டும் இதற்கு உடந்தை. ஆஸி 1979-ல் வெளியேற்றப்பட்டு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தார், ஹெவன் அண்ட் ஹெல் என்ற பிரமாதமான ஆல்பம் போட்டார்கள், அப்புறம் மேடையில் டியோவையே அயர்ன் மேனும் வார் பிக்ஸும் பேரனாய்டும் பாட வைத்தார்கள், 1982-ன் லைவ் ஈவில் ஆல்பத்தில் எல்லாம் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆஸி தனியாகப் போய் வருடக்கணக்கில் பேரனாய்டைப் பாடித்தான் கச்சேரியை முடித்தார். ஆக ஒரே பாட்டு இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு இருந்தது, அப்புறம் அது தேயாமல் என்ன செய்யும்.

2025 ஜூலை 5-ல் பர்மிங்காம் வில்லா பார்க்கில், ஆஸி வளர்ந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நாலு பேரும் சேர்ந்து வாசித்த கடைசிக் கச்சேரியில் சாபத்தாக வாசித்தது நாலு பாட்டு: வார் பிக்ஸ், என்.ஐ.பி., அயர்ன் மேன், பேரனாய்டு. நாலும் 1970. ஆஸியால் நிற்க முடியவில்லை, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அந்த நிலைமையில் சில்ட்ரன் ஆஃப் த கிரேவ் ஏன் இல்லை என்று கேட்பது அற்பத்தனம், வந்த கூட்டத்துக்கு வாய்விட்டுச் சேர்ந்து பாடத் தெரிந்த பாட்டுதான் அன்றைக்கு வேண்டியிருந்தது.

ஆவாரம்பாளையத்து அண்ணனுக்கு இந்த வாதத்தில் எல்லாம் பொறுமை கிடையாது. 'ஏனுங், அத்தன பாட்டு போட்ட மனுசனுக்கு அந்த மூணையே போட்டுத் தேச்சா எப்படிங்' என்று கேட்டுவிட்டு, பட்டறையில் ஸ்பீக்கரில் அவர் போடுவது இன்டு த வாய்ட். லேத் ஓடும்போது பேரனாய்டு எடுபடாதாம், கீழே இறங்கி வாசித்த பாட்டுதான் மோட்டார் சத்தத்துக்கு மேலே கேட்குமாம். எனக்கு இது இயற்பியல்படி சரியா என்று சந்தேகம்தான், ஆனால் வாதாடவில்லை.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேரனாய்டு ஆல்பத்தில் அந்த முதல் பக்கம் முடிந்ததும் நிறுத்தாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஹேண்ட் ஆஃப் டூம் இருக்கிறது, வியட்நாமிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றி ஏழு நிமிடப் பாட்டு, ஆரம்பத்தில் கீசரின் பேஸ் தனியாகப் பதுங்கிப் பதுங்கி வரும். அயர்ன் மேனுக்கு இந்தப் பாட்டின் பேரில் பாதி கிடைத்திருந்தால்கூட எனக்குப் புகார் இருந்திருக்காது, கிடைத்தது தலைகீழாக. அது பிடித்தால் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி, மொத்தமே 34 நிமிடம்தான், முதல் பாட்டு ஸ்வீட் லீஃப் அயோமி இருமுகிற சத்தத்தோடு ஆரம்பிக்கும், பாட்டு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.